முதலில் சிரித்தவள்

லிவர்பூலில் முதுகலை படித்த காலத்தில், லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து வரும்போதெல்லாம் அடெல்ஃபி ஹோட்டலைக் கடந்துதான் நடப்பேன். 1960களில் இரண்டு பெண்கள் அங்கே சந்தித்து நகைச்சுவை எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருவர் கார்லா லேன். அது புனைபெயர், சொந்தப் பெயர் ரொமானா பேரக். இரண்டு மகன்களின் தாய். சிறுகதையும் வானொலிக்கான எழுத்தும் முயன்றுகொண்டிருந்தவர். மற்றவர் மைரா டெய்லர். எழுத்தாளர் பட்டறை ஒன்றில் அறிமுகமானவர்கள். சேர்ந்து எழுதிய சிறு காட்சிகளை பிபிசிக்கு அனுப்பினார்கள். நகைச்சுவைப் பிரிவின் தலைவர் மைக்கேல் மில்ஸ் அரைமணி நேரக் கதை ஒன்று எழுதச் சொன்னார். 1969இல் ‘தி லிவர் பேர்ட்ஸ்’ ஒளிபரப்பானது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு இளம்பெண்களின் கதை. அப்போது லேனுக்கு வயது 40.

முதலில் வரவேற்பு குறைவு. மில்ஸ் கைவிடவில்லை. தொடர் வளர்ந்தது. 1973 முதல் லேன் தனியாக எழுதினார். 1978இல் ‘பட்டர்ஃப்ளைஸ்’ வந்தது. அதில் வரும் ரியாவுக்கு நல்ல கணவன், வளர்ந்த மகன்கள், வசதியான வீடு எல்லாம் உண்டு. ஆனாலும் ஏதோ போதவில்லை. இல்லத்தரசியின் அந்தப் போதாமையைக் கேலி செய்யாமலே சிரிக்கவைத்தார் லேன்.

இதையெல்லாம் உற்சாகமாகப் படித்துக்கொண்டு வந்த நான் ஓரிடத்தில் நின்றேன். நான் பார்த்த கட்டுரைகளில் மைரா டெய்லருக்குக் கிடைத்தது ஓரிரு வரிகள்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் உடனே என் பக்கம் திரும்பியது.

கல்லூரி ஆண்டு விழாக்களுக்கு நானும் தோழியும் சேர்ந்து மூன்று நாடகங்கள் எழுதினோம். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். அவள் சிரித்தால் அந்த வரி இருக்கும், சிரிக்காவிட்டால் அடித்துவிடுவோம். “பொண்ணுங்களுக்குக் காமெடி வராது” என்று ஓர் ஆசிரியர் சொன்னபோது, அவரைப் போலவே பேசிக்காட்டி என்னை மீட்டவள் அவள். படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணமானது. நான் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். அதில் அந்த மூன்று நாடகங்களையும் ‘நான் எழுதியவை’ என்று குறிப்பிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்று படித்திருக்கிறோம். நகைச்சுவை எழுதுகிறவளுக்கு அந்த அறையில் இன்னொருத்தியும் வேண்டும். நாம் சொன்னது வேடிக்கைதான் என்று முதலில் சிரித்து நம்பவைக்கிறவள். அவள் வேலையும் எழுத்துதான். அதை உதவி என்று சொல்லிக் கடந்துபோக ஆண்களிடமிருந்து நாமும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அந்த மாமியார் வசனம் முழுக்க என்னோடதுடி,” என்றாள். சிரித்தாள். பிறகு, “சிரிச்சதால மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்றாள்.

நினைக்கவில்லை. இனி அந்த நாடகங்களைப் பற்றி எங்கே எழுதினாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். அவள் பெயர் முதலில்.