பெயருக்கு ஒரு பதிவேடு

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வருவோரிடம் முதலில் கேட்கப்படுவது பிறப்புப் பத்திரம். வாயால் ஒரு பெயரைச் சொல்லுதல் எவர்க்கும் எளிது; பத்திரமோ அப்பெயருக்கு ஒரு நாளும் ஓர் இடமும் பொறுப்பேற்கும் பெற்றோரும் உண்டென்று காட்டுகிறது. தோட்டப்புறத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் வாசித்த காலத்திலும் ஏட்டில் ஏறாத பெயருக்குக் கூலி இல்லை. பெயர் உள்ள இடத்தில் பதிவேடும் இருந்தாக வேண்டும் என்பது நம்மவர் பட்டறிந்த உண்மை.

இணையத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். இணையத்தளத்தின் முகவரியாக விளங்குவது களப்பெயர். அதனை ஒருவர் என்றைக்குமாக வாங்கிவிட இயலாது. குறித்த ஆண்டுகளுக்குப் பதிந்து, தவணை முடியுமுன் புதுப்பித்துவர வேண்டும். என்று பதியப்பட்டது, எந்நிறுவனத்தின் வழியாகப் பதியப்பட்டது, என்று முடிகிறது என்பன பதிவேட்டில் உள்ளன. அதனைக் கேட்டறியும் முறை 1982ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ‘ஹூ இஸ்’, அதாவது ‘யார் இவர்’ என்பதே அதன் பெயர். ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பின் பயனர்களை அறியும் விவரக்கொத்தாகத் தொடங்கிய அது, பின்னர்க் களப்பெயர்களுக்கும் உரியதாயிற்று.

இதனால் எளியவர்க்கு என்ன பயன்? பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் திரும்பிய தாய் ஒருவருக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. மகளின் பள்ளிப் பெயரைத் தாங்கிய ஓர் இணையத்தளம், பயிற்சி நூல்களுக்கென 120 ரிங்கிட்டை அன்றே செலுத்துமாறு கேட்டது. இடைநிலைப்பள்ளியில் பயிலும் மூத்த மகன் அதனைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றிடம் காட்டினான். பள்ளியின் பெயர் சரியாக உள்ளது, தமிழும் பிழையின்றி உள்ளது, ஆகவே நம்பலாம் என்றது அது. பதிவேட்டைப் பார்க்கும் கருவி இணைக்கப்பெற்ற மற்றோர் உதவியாளரிடமும் அவன் அதே கேள்வியைக் கேட்டான். அக்களப்பெயர் பதியப்பட்டு ஒன்பது நாளே ஆயிற்று என்றது இது. பல பத்தாண்டு கண்ட பள்ளிக்கு ஒன்பது நாள் பெயரா? தாய் பணம் செலுத்தவில்லை. பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அப்படியொரு தளம் தங்களுக்கு இல்லை என்றனர்.

முன்னது முகத்தைப் பார்த்துச் சொல்லிற்று. பின்னது ஏட்டைப் பார்த்துச் சொல்லிற்று. வேறுபாடு அவ்வளவே. அக்கருவி முதலில் களப்பெயரின் ஈற்றைப் பார்த்து, அவ்வீற்றுக்குப் பொறுப்பான பதிவகம் எதுவென அறிகிறது. பின் அங்கே வினவி விடை பெறுகிறது. பழைய ‘ஹூ இஸ்’ முறையில் ஒவ்வொரு பதிவகமும் தன் போக்கில் விடை எழுதிற்று. மனிதர் படித்துக்கொள்வர், இயந்திரம் தடுமாறும். 2015இல் வகுக்கப்பட்ட ஆர்.டி.ஏ.பி. என்னும் புதிய முறையில் ஒவ்வொரு செய்திக்கும் உரிய கட்டம் உண்டு. ‘டாட் காம்’ போன்ற பொதுப் பெயர்களுக்குப் பழைய முறையைப் பேணும் கட்டாயம் 2025 சனவரி 28ஆம் நாளோடு நீங்கியது.

தமிழருக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. பழைய முறையில் விடை எந்த எழுத்தில் அமைந்தது என்று குறிக்கவே வழியில்லை. புதியதோ உலக மொழிகள் அனைத்தையும் ஏற்பது. ‘.இலங்கை’ 2010இலும், ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவை 2011இலும் இணையத்தின் மூலப்பட்டியலில் தமிழெழுத்திலேயே ஏறின. தமிழில் அமைந்த பெயரைப் பதிவேட்டிலும் தமிழாகவே படிக்க இயலுதல் சிறு பேறன்று.

எனினும் பதிவேடு நல்லொழுக்கச் சான்றிதழ் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின், பதிந்தவரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. புதுப்பிக்காது விடப்பட்ட பழம்பெயரைப் பிறர் கைப்பற்றுவதும் உண்டு. நேற்றுப் பதிந்தவர் நேர்மையாளராக இருத்தலும் கூடும். ஆதலின் இத்தகைய கருவி, கண்டதைக் கண்டபடி உரைத்து, ஏட்டில் இல்லாததை இல்லை என்றே சொல்லல் வேண்டும். விடை கிட்டாதபோது தானே ஒன்றைப் புனைந்துரைக்குமாயின், வராத மாணவனுக்கு வருகைக் குறியிட்டதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். மாணவன் ஒரு செய்தியைச் சொன்னால், “எந்த ஏட்டில் பார்த்தாய்?” என்று வினவும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. இயந்திரத்தையும் அவ்வாறே வினவ மாணவன் பழகட்டும். அன்று கிடைத்த இரண்டு விடைகளில் எதை ஏற்பதென்று முடிவு செய்தவர் அத்தாயே. ஏடு நாளைக் காட்டிற்று. பள்ளியை அழைத்துக் கேட்கும் அறிவு அவரிடம் இருந்தது.