புயலுக்கு முந்தின நாள் கடை

வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் புயல் வருகிறது என்று ஊருக்குச் சொன்னவர்கள் எங்கள் ஆட்கள்தான். ரேடியோ வந்த பிறகும், டி.வி. வந்த பிறகும், தாலுகா ஆபீசிலிருந்து தகவல் வந்தால் தலையாரி தேடி வருவது எங்கள் தாத்தாவைத்தான். தாத்தா தமுக்கை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குத் தெருமுனை நின்று, "புயல் வருதுங்க, சாமான் சட்டு வாங்கி வச்சுக்குங்க, வெளியில வராதீங்க" என்று கூவுவார். குடியானத் தெருவெல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாகத்தான் எங்கள் தெருவுக்கு வருவார். அதற்குள் கடையில் தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் தீர்ந்திருக்கும். சொன்னவர் வீட்டிலேயே அன்று ராத்திரி விளக்கு இருக்காது. 2022இல் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்த வண்டியில் சொன்னால் போதும் என்றது. நல்லதுதான். வண்டி எந்தத் தெருவுக்குள் முதலில் திரும்புகிறது என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன்.

புயல் என்றதும் மக்கள் கடைக்கு ஓடுகிறார்கள், பீதியில் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். அந்த 'மக்கள்' யார்? எங்கள் தெருவில் அப்படி வாங்கிக் குவித்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பயமில்லை என்று அர்த்தமில்லை. பயத்தோடு கடைக்குப் போனாலும் காசு கொடுத்தால்தானே சாமான்.

2018 நவம்பரில் கஜா வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசிக் கடைசி. களையெடுப்பு நேரம். எச்சரிக்கை வந்ததும் முதலில் நின்றது வேலைதான். புதன்கிழமையே யாரும் ஆள் கூப்பிடவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வாங்கி வைத்துக்கொள் என்று எந்த நாளில் சொல்கிறார்களோ, அந்த நாளில்தான் எங்களுக்குக் கூலி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியவே புரியாது. அவர்களுக்குப் புயல் என்றால் லீவு.

எங்கள் தெருக்காரர்கள் கடைக்குப் போவது கணக்கு நோட்டை நம்பித்தான். சனிக்கிழமை கூலி வந்தால் கொஞ்சம் அடைப்போம், மறுபடி வாங்குவோம். 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்குக் காப்பித்தூள், கால் கிலோ சர்க்கரை. வியாழக்கிழமை காலையில் அம்மாவும் நானும் போனபோது கடையில் குடியானத் தெருக் கூட்டம். அவர்கள் எண்ணெயை டின்னாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கு நோட்டு கெடையாது, கைக்காசுதான்" என்றார். அம்மா, "10 ரூவாக்கி எண்ணெய் மட்டும் ஊத்துங்க ஐயா" என்றது. "சில்லறையா ஊத்திக்கிட்டு நிக்க நேரமில்ல, பாக்கெட்டா இருந்தா எடுத்துக்க" என்று பதில் வந்தது. அந்த ஆளுக்கு என் வயசு இருக்கும். அம்மாவை 'நீ' என்றுதான் எப்போதும் பேசுவார். புயலுக்காக ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரிகிறது. கூரை பறந்து நாங்கள் எங்காவது பிழைக்கப் போய்விட்டால் நோட்டில் உள்ளது யாரிடம் வரும்? எங்கள் தெரு புயலுக்கு நிற்காது என்று அரசாங்கத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மா கையில் 140 ரூபாய் இருந்தது. பிரெட் இல்லை, பால் பவுடர் இல்லை. இருந்தாலும் அம்மா வாங்கியிருக்காது. அது வாங்கியது இரண்டு மீட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் தாள், நைலான் கயிறு, மீதிக் காசுக்குப் பொரியும் கொஞ்சம் வெல்லமும். எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லாரும் கயிறுதான் கேட்டார்கள். ஓட்டு வீடும் மாடி வீடும் உள்ளவன் உள்ளே உட்கார்ந்து தின்பதற்கு வாங்குகிறான். நாங்கள் வீட்டையே கட்டி வைப்பதற்கு வாங்குகிறோம். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேமித்து வையுங்கள் என்று அறிவிப்புச் செய்கிறவர்கள், எங்கே வைப்பது என்று ஒருநாளும் சொல்வதில்லை. ரேஷன் அரிசியைப் பரண்மேல் ஏற்றலாம். பரண் எதன்மேல் நிற்கிறது?

பிளாஸ்டிக் தாளில் பாதியைக் கிழித்து அம்மா ஒரு மூட்டை கட்டியது. ரேஷன் கார்டு, மனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், என் எம்.ஏ. சான்றிதழ். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். குடியானத் தெருவில் ஓட்டு வீட்டுக்காரர்கள் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். யாரும் அப்படிப் போகச் சொல்லவில்லை, கால்களுக்கே தெரிந்திருந்தது. நடுராத்திரிக்கு மேல் காற்று வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கயிறு கட்டின இடத்திலேயே கம்பத்தில் இருக்கிறது, கூரையைத்தான் காணோம். எங்கள் அப்பாயிக்கு 1977 புயல் ஞாபகம் உண்டு. "அப்ப கயிறும் இல்ல, இப்ப கயிறு இருக்கு" என்று மட்டும் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் பகிர்ந்துதான் தின்றோம். ஒரு அக்கா கொண்டுவந்த பிரெட் பாக்கெட்டை ஆளுக்கு ஒரு துண்டு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. சேரி ஒற்றுமை என்று இதைப் பெரிதாக எழுத எனக்கு மனசில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் குடத்துக்கு இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. கரண்ட் வர வாரக்கணக்கானது. மெழுகுவத்தி விலை நாளுக்கு நாள் ஏறியது. ஜெனரேட்டர் வைத்திருந்தவன் போனுக்குச் சார்ஜ் ஏற்ற 20 ரூபாய் வாங்கினான். நிவாரண லாரி மெயின் ரோட்டிலேயே நின்று காலியானது. எங்கள் தெருப் பையன்கள் மறியல் செய்து ஒரு லாரியை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார்கள்.

நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் பஃபலோ என்ற நகரத்தில் 2022 டிசம்பரில் அடித்த பனிப்புயலைப் பற்றி வாசித்தபோது, அந்தக் கடையும் அந்தத் தெருவும் எனக்குத் தெரிந்த இடம் மாதிரி இருந்தது. அந்த நாட்டில் பனிப்புயல் என்று அறிவித்தால் கடையில் முதலில் தீர்வது ரொட்டி, பால், முட்டை. கார் வைத்திருப்பவன் போய் அள்ளி வருவான், ஃப்ரிட்ஜில் அடுக்குவான். பஃபலோவின் கிழக்குப் பகுதியில் கறுப்பின மக்கள் அதிகம். பலருக்குக் கார் கிடையாது. பெரிய கடை என்று அங்கே இருந்தது ஒன்றுதான், அதுவும் ரொம்ப காலம் கேட்டுக் கேட்டு 2003இல் வந்தது. அதே 2022 மே மாதம் 14ஆம் தேதி ஒரு வெள்ளை நிறவெறியன் வெகுதூரத்திலிருந்து காரோட்டி வந்து, அந்தக் கடையில் சாமான் வாங்க வந்த, வேலை பார்த்த 10 கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றான். எங்கே தேடினால் அவர்கள் கிடைப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 23ஆம் தேதி காலையில், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஒரு மணிநேர அவகாசம்கூட இல்லை. அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போனவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். பனி நாள்கணக்கில் கொட்டியது. வீட்டில் குளிரில் விறைத்தும், ஆம்புலன்ஸ் வராமலும், தெருவில் பனிக்குள் விழுந்தும் அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நகரத்தில் செத்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஊர் ஜனத்தொகையில் அவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சில கடைகள் உடைக்கப்பட்டன. டி.வி. தூக்கிப் போனவர்களும் இருந்திருப்பார்கள், பிள்ளைக்குப் பால் எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கொள்ளை என்று ஒரே பெயர், கைது. சாதியும் நிறமும் ஒன்றல்ல என்று தோழர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், எனக்குத் தெரியும். முன்கூட்டி வாங்கினவனுக்கு 'முன்னெச்சரிக்கை' என்றும் பின்னால் எடுத்தவனுக்குக் 'கொள்ளை' என்றும் பெயர் வைக்கிற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வாங்கிச் சேர்த்ததெல்லாம் அழுகிப்போனால் அள்ளுகிறவர் யார்? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஊறிப்போன மெத்தை, நாறின அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜுக்குள் புழுத்ததெல்லாம் வெறுங்கையால் அள்ளினார்கள். போய்வந்த என் சித்தப்பா, "அடேயப்பா, எவ்வளவு வாங்கி வச்சிருந்திருக்கானுவ" என்றுதான் முதலில் சொன்னது.

கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் கூடி ஒரு மனு எழுதினோம். எழுதியது நான், சொன்னது அவர்கள். புயல் எச்சரிக்கை விடுகிற அன்றைக்கே ரேஷன் கடையைத் திறந்து அடுத்த மாத அரிசி, பருப்பு, எண்ணெயைக் கொடுக்க வேண்டும். வேலை நின்ற நாளுக்கு அரைக் கூலியாவது அன்றே கையில் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு அறையில் சாமான் வைத்துப் பூட்டிச் சாவியை எங்கள் தெருவில் கொடுக்க வேண்டும். சாவி விஷயத்தை அம்மாதான் சேர்க்கச் சொன்னது. மனு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கினவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "புயல்தான் கரையைக் கடந்திருச்சேம்மா" என்றார். ரசீது கொடுத்தார். அதை அம்மா அந்தப் பிளாஸ்டிக் மூட்டையில்தான் வைத்திருக்கிறது.