ஏவி.எம்: சினிமாவுக்கு முன்னால் ஓர் இசைத்தட்டுக் கடை!

ஜூலை 28, ஆகஸ்ட் 12. எங்கள் டிஜிட்டல் டெஸ்க் காலண்டரில் இந்த இரண்டு தேதிகளும் எப்போதும் இருக்கும். ஏ.வி.மெய்யப்ப செட்டியார் 1907-ல் பிறந்த நாள் முதலாவது. 1979-ல் அவர் மறைந்த நாள் இரண்டாவது. இரண்டுக்கும் ஒரு போட்டோ கேலரி போடுவோம். ஸ்டூடியோ, சிவாஜி, 'பராசக்தி' என்று எல்லாமே சினிமாதான். 'தொடக்கத்தில் கிராமபோன் இசைத்தட்டு விற்றார்' என்று ஒரே ஒரு வரி வரும், போய்விடும்.

அந்த ஒரு வரியிலேயே என்னை நிறுத்திவைத்தவர் என் அப்பாயி.

அப்பாயிக்கு வயது 80. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இரண்டு வருடமாகக் காது மந்தம். டி.வி-யை எவ்வளவு சத்தமாக வைத்தாலும், "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் வெளங்கல" என்பார். தீபாவளி போனஸ் வந்ததும் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கித் தரலாம் என்று, நான் தங்கியிருக்கும் தில்லை நகருக்கே அவரை அழைத்து வந்தேன். மெயின் ரோட்டில் ஒரு ஷோரூம். கடைப்பையன் ஆர்வமாக ஒரு டெமோ போட்டான். சோபாவே அதிர்ந்தது. அப்பாயி பொறுமையாக இருந்துவிட்டு, "தம்பி, இதுல ஆளு எப்பப் பாடும்?" என்றார்.

பையன் சிரித்துவிட்டான். "உங்களுக்கு என்ன பாட்டு வேணும் பாட்டி?"

"பட்டம்மா பாட்டு போடு."

1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பழைய பதிவு. பின்னால் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். பையன் பாஸைக் குறைத்தான். அப்பாயி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு அசைந்தது. வார்த்தைக்கு வார்த்தை கூடவே வந்தார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வயதாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் காதுக்கு முதலில் குறையும். ச, த, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பாஸைக் கூட்டினால் இன்னும் மோசம். அப்பாயிக்கு மனப்பாடமான பாட்டு என்பதும் உதவியிருக்கும். ஆனால், எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அப்பாயி தன் அப்பாவின் கிராமபோன் கதையைச் சொன்னார். கரன்ட் வேண்டாம், சாவி கொடுத்தால் சுற்றும். அரக்கு பிளேட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பிளேட்டு தேயும். பிளேட்டு கைதவறி விழுந்தால் அவ்வளவுதான். அன்றைக்கு ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் அந்தப் பெட்டி இருந்தது. இன்றைய லட்ச ரூபாய் ஸ்பீக்கர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வியாபாரிதான் மெய்யப்பன். இங்கிருந்து புதுக்கோட்டை வழியாக பஸ் ஏறினால் வருமே, அந்தக் காரைக்குடிக்காரர். அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையிலேயே கிராமபோன் இசைத்தட்டுகள் விற்றார்கள். மகன் சென்னைக்குப் போய், நண்பர்களோடு கூட்டு சேர்ந்து 1932-ல் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனிக்கு ஏஜென்ட். அடுத்தவர் போட்ட பிளேட்டை விற்பதோடு நிற்காமல், பாடகர்களை அழைத்துத் தாங்களே பதிவுசெய்யவும் இறங்கினார்கள்.

சினிமாவுக்கு வந்தபோது அவர் வைத்த கம்பெனிப் பெயரைப் பாருங்கள்: சரஸ்வதி சவுண்ட் புரொடக்‌ஷன்ஸ். பெயரிலேயே 'சவுண்ட்'! முதல் படம் 'அல்லி அர்ஜுனா' (1935) ஓடவில்லை. 1938-ல் 'நந்தகுமார்' எடுத்தபோது ஒரு நடிகையின் பாட்டு திருப்தியாக இல்லை. லலிதா வெங்கடராமனைப் பாடவைத்து, அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். தமிழில் பின்னணி பாடியதற்கு முதல் உதாரணமாக இதைத்தான் சொல்கிறார்கள். 1943-ல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து அடுத்த வருடமே வெளியிட்டார். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. குரலைத் தனியே எடுத்து விற்றுப் பழகிய கடைக்காரருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சர்யமே இல்லை.

அதே கடைக்காரப் புத்திதான் பாரதியிடமும் வேலை செய்தது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை, இசைத்தட்டு வியாபாரமும் செய்த ஒரு வடநாட்டு நகைக்கடைக்காரரிடம் இருந்தது. மெய்யப்பன் அதை விலைக்கு வாங்கித்தான் 'நாம் இருவர்' எடுத்தார். காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்த படம், பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்து 1948-ல் டி.கே.எஸ் சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைப் பயன்படுத்த, செட்டியார் வழக்குப் போட்டுவிட்டார்.

ஊர் கொதித்தது. பாரதி பாட்டுக்கு ஒரு முதலாளியா? எழுத்தாளர்கள் பேசினார்கள், எழுதினார்கள். 1949-ல் பாடல்களை அரசு எடுத்துக்கொள்ள முன்வந்தபோது, மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். கேலரியில் இதை 'பெருந்தன்மை' என்று எழுதுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. நெருக்கடியில்தான் கொடுத்தார், ஆனாலும், காசு கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது.

இதை அப்பாயியிடம் சொன்னேன்.

"வெல குடுத்து வாங்குனதயா சும்மா குடுத்தாரு?"

"ஆமா அப்பாயி."

"கடக்காரவுகளுக்கு அது லேசுல வராது பாப்பா" என்றார். தாத்தா பெரிய கடைவீதியில் 30 வருடம் மளிகைக்கடை வைத்திருந்தவர்.

ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டது. ஷோரூமில் இருந்ததிலேயே சின்னது. பாஸ் பட்டனைக் குறைத்தபடியே வைத்திருக்கிறோம். இந்த ஆகஸ்ட் 12 கேலரியில் முதல் படமாக ஓர் ஓடியன் இசைத்தட்டு வைக்கலாமா என்று எடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.