முறிய வேண்டியது

தெங்கேராவில் ஹெலிகாப்டர் விடுகிறவனுக்குக் காற்றுதான் கடிகாரம். பொழுது விடியவே ஏழு மணி தாண்டிவிடும். அதிலிருந்து ஒன்பது, மிஞ்சினால் ஒன்பதரை. தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று இன்னும் எழும்பாத அந்த இடைவெளிதான் நமக்குச் சொந்தம். அப்புறம் மலாக்கா நீரிணையிலிருந்து காற்று வந்துவிடும். மனிதருக்கு அது சுகமான காற்று, உள்ளங்கை அகல ஹெலிகாப்டருக்குப் புயல். தென்மேற்குப் பருவத்தில் சில விடியற்காலைகளில் 'சுமத்ரா' என்கிற காற்றுமழை வேறு அடித்துக்கொண்டு வரும். அன்றைக்குச் சாமான்களைக் கட்டிக்கொண்டு மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடிக்க வேண்டியதுதான்.

நான் விடுகிற இடம் ஒரு காலத்தில் கடல். தெங்கேராவின் பழைய வீடுகளுக்குப் பின்கட்டு வரை அலை வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு மண் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டே போனார்கள். போர்த்துக்கீசியர் நகருக்கு வெளியே போட்ட அரணுக்கு வைத்த சொல்தான் திரிந்து தெங்கேரா ஆயிற்று. சிங்கப்பூரை ஆங்கிலேயருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சுல்தான் ஹுசேன் ஷா இங்கே பள்ளிவாசல் வளாகத்தில்தான் அடங்கியிருக்கிறார். அதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். அரண் போட்ட இடத்துக்கு அப்பால், மீன் நீந்திய இடத்தில் நின்றுகொண்டு ஒருவன் பொம்மை ஹெலிகாப்டரைப் பறக்க விடுவதைப் பார்த்து அவர்களில் சிலர் படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பொம்மை என்று நானேதான் சொல்கிறேன், வேறு யாரும் சொன்னால் கோபம் வரும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் இது ஒரு வாடிக்கையான கேலி. "இன்னமுமா வெளையாட்டு? புள்ளைங்க பெரிசாயிடுச்சு லா!" 2018இல் நடிகர் அஜித் குமார் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகராகவும் சோதனை விமானியாகவும் சேர்ந்தார். அந்தக் குழு அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அவரும் என்னைப் போல ரிமோட் ஹெலிகாப்டரில் கை பழகியவர்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன். "தல செஞ்சா அது ஸ்டைலு, நீ செஞ்சா அது வெட்டிச் செலவு" என்றான் மச்சான். பதில் சொல்ல முடியவில்லை. செலவு என்பது உண்மைதானே.

என் முதல் ஹெலிகாப்டர் பாசார் மாலாமில் மகளுக்கென்று வாங்கிய சைமா எஸ் 107. மேலும் கீழுமாக இரண்டு விசிறி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும், அதுதான் ஹெலிகாப்டரின் பிறவிக் குணம். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி இருந்தால் அந்தத் திருப்பம் தானாக அடங்கிவிடும். ஆகவே குழந்தையும் ஓட்டலாம். ஆனால் ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. வெயிலில் கொண்டுபோனால் சொன்ன பேச்சு கேட்காது. வீட்டுக் கூடத்துக்குள்தான் அதன் உலகம். மகளுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது, எனக்குச் சலிக்கவில்லை.

அடுத்து வி 911. ஒற்றை விசிறி, வாலில் குட்டி விசிறி, வெளியே விடலாம். அதற்கடுத்து கே 110. இதில் விசிறி இறக்கைகளின் சாய்மானத்தையே ரிமோட்டிலிருந்து மாற்றலாம், தலைகீழாகக்கூடப் பறக்கும். (என்னுடையது பறந்ததில்லை. அந்த ஆசையும் எனக்கு இல்லை.) 1970 வாக்கில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் உருப்படியாகப் பறக்கும் ரேடியோ ஹெலிகாப்டரை உருவாக்கியபோது அது எண்ணெய் எஞ்சினில் ஓடிய பெரிய சாமான். அது இப்படி உள்ளங்கைக்கு வந்து சேர்ந்ததற்கு லித்தியம் பாலிமர் பேட்டரிதான் முக்கியக் காரணம். ஒரு செல் 4.2 வோல்ட் வரை ஏறும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் செத்துப்போகும். நம் ஊர் வெக்கையில் முழுசாக ஏற்றி அப்படியே போட்டுவைத்தால் இட்லி மாதிரி உப்பிவிடும். பறக்காத நாளில் 3.8இல் நிறுத்திவைக்க வேண்டும்.

இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் அப்பா.

அப்பா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் பாக்டரியில் பிட்டர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்ததும் பாக்டரிக்கு வேலையில்லாமல் போயிற்று. லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம். அதற்குப் பிறகு காவலாளி, கடைச் சிப்பந்தி என்று என்னென்னவோ பார்த்தார். யாரும் அவரிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. அப்புறம் இனிப்புநீர். இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அடுக்குமாடியில் நாலாவது மாடி, லிப்ட் ஓடுவது அதன் இஷ்டம். டிவிக்கு முன்னால் நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் டிவி. "சாப்டாச்சா?" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சு அற்றுப்போய் வருஷக்கணக்காகியிருந்தது.

ஒருநாள் வி 911 மேசைக்கு மேலே நின்று கிர்ரென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒரு றெக்க கனமா இருக்கு பாரு" என்றார். இரண்டு இறக்கையையும் கழற்றிக் கையில் வாங்கினார். தராசு எதுவும் கேட்கவில்லை. ஒரு தையல் ஊசியைக் கிடையாகப் பிடித்து இரண்டையும் அதில் கோத்து ஆடவிட்டார். தாழ்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் துளி செலோடேப். மறுபடி பூட்டியதும் நடுக்கம் நின்றுவிட்டது. "ஃபேன் பெல்டு புல்லி பேலன்ஸ் பாக்குற மாதிரிதாண்டா" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததை நான் தோட்டத்தில் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன், சாப்பாட்டு வாளியைக் கொண்டுபோய் அவர் எந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் மேசை அவருடையது. இறக்கைகள் ஒரே மட்டத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்க முனைகளில் சிவப்பும் நீலமுமாக டேப் ஒட்டுவார். இரண்டு நிறமும் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி.

தகராறு மேம்படுத்துவதில்தான் வந்தது. இந்தப் பொழுதுபோக்கில் பறப்பது பாதி, கழற்றி நல்லதாக மாட்டுவது பாதி. பிளாஸ்டிக் தலைக்குப் பதிலாக அலுமினியத் தலை, கார்பன் பிரஷ் தேயும் வால் மோட்டாருக்குப் பதிலாகப் பிரஷ் இல்லாத மோட்டார் என்று போய்க்கொண்டே இருக்கலாம். நான் கே 110க்கு நீல நிறத்தில் பளபளக்கும் அலுமினியத் தலை வரவழைத்தேன். அறுபது வெள்ளி. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. எது ஒடையும்?" என்றார்.

"எதுவும் ஒடையாதுப்பா, அலுமினியம்."

"அப்படின்னா வேற எதாச்சும் ஒடையும்."

பாக்டரியில் ரப்பர் தகடு போடும் உருளையில் கல்லோ இரும்போ சிக்கிக்கொண்டால் முறிவதற்கென்றே ஒரு மெல்லிய ஆணி இருக்குமாம். அது முறிந்தால் பத்து நிமிஷ வேலை. ஒருமுறை அவசரத்துக்கு யாரோ அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டை அடித்துவிட்டார்கள். அன்று பல்சக்கரமே பிளந்து மூன்று நாள் பாக்டரி நின்றது. "ஒடைய வேண்டியத ஒடைய விடணும்" என்றார். நான் இந்தப் பழைய கதையை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துத் திடலில் ஒரு சுழல்காற்று ஹெலிகாப்டரைப் புரட்டித் தரையில் போட்டது. அலுமினியத் தலைக்குக் கீறல்கூட இல்லை. நடுத்தண்டு வளைந்து, பெரிய பல்சக்கரத்தில் ஐந்து பல் கொட்டி, வால் குழாய் இரண்டாகியிருந்தது. அதே மாதிரி விழுந்தபோது பழைய பிளாஸ்டிக் தலை மட்டும் முறிந்து, நாலு வெள்ளியோடு போயிருக்கிறது. அப்பா எதுவும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பிளாஸ்டிக் தலை இருந்த பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இதற்காக உலோகமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஹெலிகாப்டர்களில் பிளாஸ்டிக் தாங்காது. டி-ரெக்ஸ் 450 போன்ற ஒன்றுக்கு இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது இறக்கை முனையின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 2013இல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் தன்னுடைய பெரிய ரக ஹெலிகாப்டரே தலையில் பட்டு 19 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதனால்தான் பிள்ளைகள் ஓடி வந்தால் நான் விசையை நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன், சிலர் கர்வம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வருஷத்திலிருந்து அப்பாவுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. சிவப்பு, நீல டேப் பிரித்துத் தெரியவில்லை. லிப்ட் ஓடுகிற காலைகளில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு திடலுக்குக் கூட்டிப்போகிறேன். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்கிறார். "பேரிங் தேயுது. கீழ இருக்கறது." வீட்டுக்கு வந்து கழற்றினால் உப்புக்காற்றில் துருப்பிடித்த கீழ்ப் பேரிங். ஒருதடவை மட்டும் தப்பாகச் சொன்னார். அன்று அவருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

இப்போது பணம் சேர்த்துப் பழைய டி-ரெக்ஸ் 450 ஒன்றை வாங்கியிருக்கிறேன். வால் விசிறிக்குச் சக்தி போக இரண்டு வழி உண்டு: ரப்பர் பெல்ட் அல்லது தண்டு. தண்டு துல்லியம், வால் சொன்ன இடத்தில் நிற்கும். பெல்ட் கொஞ்சம் வழுக்கும், ஆனால் வால் தரையில் இடித்தால் பல்சக்கரம் பிழைக்கும். அப்பா பெல்ட் கட்சி. நான் தண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பார்சல் வெள்ளிக்கிழமை வருகிறது.