வலிக்காக ஒரு நடை

நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். அடுத்தவர் உடம்புக்கும் நல்லது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

என் அத்தையை, "இனி வைத்தியம் இல்லை" என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நோய்க்கு இல்லாவிட்டாலும் வலிக்கு வைத்தியம் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

லண்டனில் 1948-ல் மரணத் தறுவாயிலிருந்த டேவிட் டாஸ்மா என்ற அகதி, ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் கனவு கண்ட இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்க ஆசைப்பட்டு, 500 பவுன் எழுதி வைத்தார். வலி தணிக்கும் அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டபர், 1967-ல் எழுந்தது.

பிரிட்டனில் இத்தகைய இல்லங்கள் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. சர்க்கார் பணமோ போதாது. மீதிக்கு ஊரார் நடக்கிறார்கள். மறைந்த தாயின் பெயரை முதுகில் தாங்கி மகள் நடக்கிறாள். அண்டை அயலார் அந்த நடைக்குப் பணம் தருகிறார்கள்.

பழனிக்குப் பாத யாத்திரை போகும் கால்கள் நம்முடையவை. ஒரு நாள், அடுத்த தெருப் பாட்டியின் வலிக்காகவும் நடக்கலாமே!