அது இன்னும் முடியலைம்மா!

பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிக்கிறேன்னு சொன்னா, எங்க பட்டாபிராம் லோக்கல் ட்ரெயின்ல ரெண்டே ரியாக்‌ஷன்தான். "ஏம்மா, இன்ஜினீயரிங் கிடைக்கலையா?" - இது பெரியவங்க. "அப்ப டீச்சர் ஆகப்போறியா?" - இது பக்கத்து சீட் ஆன்ட்டி. 'சயின்டிஸ்ட் ஆகணும்'னு சொல்லிப் பாருங்க, மூணாவதா ஒண்ணு வரும். சிரிப்பு!

சரி, சயின்டிஸ்ட் ஆனவங்களை எது அந்தப் பக்கம் இழுத்துச்சு? சின்ன வயசுல நட்சத்திரத்தைப் பார்த்துக் கனவு கண்டாங்கன்னு சொல்வாங்க. எனக்கு அதில் அவ்வளவா நம்பிக்கை இல்லை. மொட்டை மாடியில் பாய் போட்டு நானும்தான் பார்த்திருக்கேன். தூக்கம்தான் வந்துச்சு.

சந்திரசேகரையே எடுத்துக்குங்க. 1983-ல் நோபல் பரிசு வாங்கிய அதே சந்திரசேகர். 1928-ல் அவரும் நம்மள மாதிரி காலேஜ் ஸ்டூடன்ட்தான், சென்னை மாநிலக் கல்லூரியில். ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் என்கிற பெரிய தலை சென்னைக்கு வந்திருக்கிறார். அவர் எழுதிய அணு பற்றிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்த தைரியத்தில், பையன் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டான். அவரோ, அந்தப் புத்தகத்துக்கு அப்புறம் ஃபிசிக்ஸே மாறிப்போச்சு என்று குண்டைத் தூக்கிப் போட்டார். போட்டதோடு விடலை. இன்னும் வெளிவராத தன் புதுக் கட்டுரையின் அச்சு புரூஃபையும் கையில் கொடுத்தார். நானா இருந்தா அழுதிருப்பேன். சந்திரசேகர் உட்கார்ந்து படித்தார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கட்டுரை வந்துவிட்டது!

அவரோட எனக்கு கம்பேரிசன் எல்லாம் இல்லை மக்களே. ஆனா எனக்கும் ஒரு நாள் வாய்ச்சது. லேப்ல சும்மா சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்துக்கிட்டிருந்தேன். ஆறாம் கிளாஸ் மேஜிக்! "சார், ரெண்டு பொருளைத் தேய்ச்சா எதுக்கு ப்ளஸ், எதுக்கு மைனஸ்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன். எலெக்ட்ரான் கதையைச் சொல்வார்னு பார்த்தால், "எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே சொல்ற மாதிரி முழுசான விளக்கம் யார்கிட்டயும் இல்லை. அது இன்னும் முடியலைம்மா" என்றார்.

ஒரு சீப்பு. அதுவே முடியலையாம்! அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

வீட்டு நிலவரம் வேற. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். 2024 நவம்பரில் எங்க ஊரில் 21 மாடி டைடல் பார்க் திறந்ததிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. "நடந்து போற தூரத்துல வேலை இருக்கேம்மா!" தப்பே இல்லை. தம்பி ப்ளஸ் டூ, வீட்டு லோன் பாக்கி.

அதனாலதான் சந்திரசேகரின் சித்தப்பா சி.வி.ராமனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனுஷன் வேலையைத் தூக்கி எறியலை. 1907-ல் கல்கத்தாவில் அக்கவுன்ட்ஸ் ஆபீசர். டிராமில் போகும்போது ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் போர்டு கண்ணில் பட, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அப்புறம் பத்து வருஷம், காலையில் லேப், பகலில் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி லேப். 1917-ல்தான் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்க 'ஜாம்' எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு. பிப்ரவரியில் பரீட்சை. அப்பாகிட்ட இன்னிக்கு நைட் சொல்லணும். கையோடு சீப்பையும் எடுத்துக்கிட்டுத்தான் போகப்போறேன்.