சுவரோடு சேர்ந்து வாசிப்பது

பேஸ் கிடாரின் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். கரன்ட் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வரவே வராது. பாடுபவர் குரலை அது ஊர் எல்லை வரை கொண்டுபோகும், பேஸ் வாசிக்கும் எங்களை மேடையிலேயே விட்டுவிடும். பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்கள் வந்த பிறகுதான் திருவிழாக் கச்சேரியில் பேஸ்காரன் வாசிப்பது ஜனங்கள் காதில் விழுந்தது.

மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன், அடுத்துக் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழா, பிறகு சுற்றுவட்டாரத்துப் புரவி எடுப்பு விழாக்கள். காரைக்குடி மெல்லிசைக் குழுக்களுக்குச் சீசன் இதுதான்.

செட்டிநாட்டுத் தெருவில் வாசிப்பது தனி வித்தை. தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்ட வீடுகள், இருபக்கமும் உயர்ந்த சுண்ணாம்புச் சுவர்கள். தெருக்கோடியில் மேடை போட்டால் போன சத்தம் அப்படியே திரும்பி வரும். எதிர்ச்சுவர் 50 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ரிதம் பேடில் விழுந்த அடி போய்த் திரும்ப 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில் ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.6 நொடி. ஆக, சுவரிலிருந்து வரும் அடி மிகச் சரியாக அரை இடத்தில் வந்து உட்காரும்! அந்த அரையில் ரெக்கார்டில் பேஸ் ஏதாவது வாசித்திருக்கும். அதை அப்படியே வாசித்தால் எல்லாம் கலந்து குழம்பும். அந்த இடத்தை நான் சுவருக்கு விட்டுவிடுவேன். கேட்பவர்களுக்குப் பாட்டு நிறைந்தே இருக்கும்.

வேகத்தை 108 ஆக்கினால் கணக்கு மாறும். சுவர் அடி ஒரு மயிரிழை பிந்தி வரும், காது அதன் பின்னால் போகும், மொத்தக் குழுவும் இழுபடும். அப்போது காதை நம்பக் கூடாது. பேட் வாசிக்கும் தம்பியின் வலது கையைப் பார்த்தே வாசிக்க வேண்டும். சாயங்காலம் காலித் தெருவில் செக் பண்ணியதும் ராத்திரிக்கு உதவாது. எட்டு மணிக்குப் பாய் விரித்து ஜனம் உட்கார்ந்துவிட்டால் பாதிச் சத்தத்தை உடம்புகளே குடித்துவிடும்.

கேட்க வரும் கூட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சீன நகரங்களில் ராக் இசைக்கென்றே 'லைவ் ஹவுஸ்' என்ற கூடங்கள் உண்டு. ஷாங்காயின் யூயின்தாங், வூஹானின் வாக்ஸ் இரண்டும் பேர் பெற்றவை. டிக்கெட் வாங்கி, நின்றபடியே கேட்கும் இளவட்டங்கள் அங்கே வருகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஆச்சிகள் முன்வரிசையில் இருப்பார்கள், மடியில் பேரப்பிள்ளை தூங்கும், இளவட்டங்கள் கடைசியில் நின்று குத்துப்பாட்டுக் கேட்டு விசிலடிப்பார்கள். எல்லாரையும் ஒரே தெருவில் உட்கார வைத்து வாசிப்பதைத்தான் நான் பெரிய வேலையாக மதிக்கிறேன்.

பாட்டுக் கேட்டுத் துண்டுச்சீட்டு வரும். பாதிக்கு மேல் கண்ணதாசன் பாட்டுத்தான். சிறுகூடல்பட்டி பக்கத்தில் இருக்க, வராமல் எப்படி? "தம்பி, கவிஞர் பாட்டு ஒண்ணு போடுங்கப்பா" என்று மேடைக்கே வந்து கேட்ட ஆச்சிகளும் உண்டு. விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் பாட்டுக்கு டபுள் பேஸின் சத்தம் வேண்டும், சட்டென்று எழுந்து உடனே அடங்குகிற சத்தம். வலது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாக அழுத்தி, கட்டைவிரலால் மீட்டினால் அதற்குப் பக்கத்தில் போய்விடலாம். இளையராஜா பாட்டுக்குக் கையை எடுத்துவிட வேண்டும். அவர் பேஸுக்கென்றே தனி மெட்டு எழுதுகிறவர். அங்கே மட்டும் சுவருக்குக்கூட நான் விட்டுக்கொடுப்பதில்லை, வேகத்தைத்தான் கொஞ்சம் மாற்றுவேன்.

இவ்வளவும் பத்து மணிக்குள். ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்கு, ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். விதி நியாயமானது. ஆனாலும் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்த ஊர் இது. கூட்டம் மெலிந்து காற்று குளிர்ந்த பிறகுதான் மெதுவான பாட்டுகள் நின்று கேட்கும். அந்த நேரம் எங்களுக்கு இனி இல்லை. எட்டரை மணிக்கே ஒரு மெதுவான பாட்டைத் துணிந்து வைக்கிறோம். பின்வரிசை கலைந்தாலும் வைக்கத்தான் வேண்டும்.

கமிட்டிக்காரர்களிடம் இப்போது ஒன்று கேட்டுவருகிறேன். மேடையைத் தெருக்கோடியில் போடாமல் ஊரணிக் கரையில், தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள், மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஜனங்கள் கரையில் உட்காரட்டும். எதிரே சுவர் இல்லாததால் மெதுவான பாட்டு குழம்பாமல் கேட்கும், வீடுகள் பக்கமும் சத்தம் குறையும். கரன்ட் எடுக்கத் தூரம் என்கிறார்கள். ஜெனரேட்டர் வாடகையில் பாதியைக் குழுவே கொடுக்கும் என்று சொல்லியிருக்கிறோம்.